ஹெக்ஸும் டெசிமலும்: சி நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் ஹெக்ஸ் (16ஐ அடிமானமாகக் கொண்ட) எண்களோடு மல்லுக்கட்டுபவர்களின் நிரல்களைப் பார்த்தால், பிழைகள் பலவிதமாகத் தெரிந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். இன்ட் வேரியபிளுக்குள் எண் டெசிமலாக இருக்கிறது, அதை எடுத்து ஹெக்ஸாக மாற்றி இன்னொரு இன்ட்டில் வைக்க வேண்டும் என்ற எண்ணம். நினைவகத்தில் டெசிமலும் இல்லை, ஹெக்ஸும் இல்லை. பிட்கள் மட்டுமே இருக்கின்றன. பன்னிரண்டு மாம்பழத்தைப் பழைய கணக்கில் ௰௨ என்று எழுதலாம், இன்றைய முறையில் 12 என்று எழுதலாம், ஹெக்ஸில் சி என்ற ஒற்றை இலக்கமாக எழுதலாம். கூடையில் பழம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

ஆகவே மாற்றம் நடக்கும் இடங்கள் குறைவு. பயனர் தட்டிய எழுத்துகளை எண்ணாக ஆக்கும்போது ஒன்று, எண்ணை எழுத்துகளாக அச்சிடும்போது ஒன்று, நிரலில் நாமே எழுதிவைத்த எண்ணைக் கம்பைலர் படிக்கும்போது ஒன்று. இந்த மூன்றில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் கீழே வரும் தவறுகளில் பலவற்றைத் தொடங்கும் முன்பே தவிர்த்துவிடலாம்.

(கோட் சொற்களையும் ஹெக்ஸ் இலக்கங்களையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். 10 முதல் 15 வரையிலான இலக்கங்கள் ஏ, பி, சி, டி, இ, எஃப். முன்னொட்டு 0எக்ஸ்.)

இன்ட்டுக்குள் ஹெக்ஸை வைக்கப் பார்ப்பது

ஆய்வகப் பயிற்சிகளில் அடிக்கடி காணும் நிரல் இது. எண்ணை 16ஆல் வகுத்து மீதியை எடு. அந்த மீதியை 1, 10, 100 என்று வளரும் இடமதிப்பால் பெருக்கி, விடை என்ற இன்ட்டில் கூட்டு. எண்ணை 16ஆல் வகுத்துச் சுருக்கு. எண் 0 ஆகும்வரை தொடர். கடைசியில் விடையை, டெசிமலாக அச்சிடும் %டி போட்டு அச்சிடு.

இதில் ஆபத்து, இது பல எண்களுக்குச் சரியாகவே வரும். 16 கொடுத்தால் 10 வரும். 64 கொடுத்தால் 40. 100 கொடுத்தால் 64. 256 கொடுத்தால் 100. எல்லாம் சரி. நான்கைந்து எண்ணைச் சோதித்துவிட்டு நிரல் முடிந்தது என்று மூடிவைப்பவர்கள் உண்டு. 26 கொடுத்துப் பாருங்கள். முதல் மீதி 10, அது 10 ஆகவே கூடும். அடுத்த மீதி 1, அதை 10ஆல் பெருக்கிக் கூட்டினால் 20. வர வேண்டியது 1ஏ. 32 கொடுத்தாலும் 20தான் வரும், அதற்கு அதுவே சரியான விடை. இரண்டு வெவ்வேறு எண்களுக்கு ஒரே விடை வருகிறது என்றால் அதிலிருந்து மூல எண்ணைத் திரும்பப் பெறவே வழியில்லை. பத்தோ அதற்கு மேலோ மீதி வந்தவுடன் ஓர் எழுத்து தேவைப்படுகிறது. எழுத்துக்கு இன்ட்டில் இடமில்லை. விடை ஸ்ட்ரிங்காகத்தான் இருக்க முடியும்.

ஒரு ஃபங்ஷன் டெசிமலை ஹெக்ஸாக மாற்றுவதாகப் பெயர் வைத்துக்கொண்டு இன்ட்டை வாங்கி இன்ட்டையே திருப்பித் தந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அதைச் சந்தேகிக்கலாம்.

கையால் எழுதும் லூப்

மாற்றத்தைக் கற்றுக்கொள்ள லூப் எழுதுவது நல்ல பயிற்சி. அதைக் கட்டாயம் ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சிறிய லூப்பில் சறுக்கும் இடங்கள் நிறைய.

முதலாவது, மீதியோடு '0' எழுத்தின் மதிப்பைக் கூட்டி இலக்கமாக்குவது. 0 முதல் 9 வரை இது ஓடும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் '0' 48, '9' 57. அடுத்த 58இல் இருப்பது முக்காற்புள்ளி. பெரிய எழுத்து ஏ 65இல்தான் தொடங்குகிறது. நடுவில் ஏழு குறிகள் குறுக்கே நிற்கின்றன. அதனால் 26க்கு 1ஐ அடுத்து ஒரு முக்காற்புள்ளி அச்சாகும். மீதி 10ஐ எட்டினால் கூடுதலாக 7 சேர்ப்பது ஒரு வழி. அதைவிடத் தெளிவானது, பதினாறு இலக்கங்களையும் வரிசையாக ஒரு ஸ்ட்ரிங்கில் வைத்துக்கொண்டு, மீதியை அதன் இன்டெக்ஸாகப் பயன்படுத்துவது. படிப்பவருக்கும் உடனே புரியும். எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும் என்ற நம்பிக்கையும் தேவையில்லை. சி தரவரையறை '0' முதல் '9' வரை தொடர்ச்சியாக இருக்கும் என்று மட்டுமே உறுதி தருகிறது, எழுத்துகளுக்கு அந்த உறுதி இல்லை.

இரண்டாவது, வரிசை. மீதி எடுக்கும்போது கடைசி இலக்கம்தான் முதலில் கிடைக்கும். பஃபரின் தொடக்கத்திலிருந்து நிரப்பினால் 26 என்பது ஏ1 ஆகிவிடும். பஃபரின் கடைசியிலிருந்து பின்னோக்கி நிரப்பினால் தலைகீழாக்கும் வேலையே இல்லாமல் போகும்.

மூன்றாவது, சுழியம். எண் 0 ஆகாதவரை ஓடு என்று ஒயில் லூப் எழுதினால், எண் தொடக்கத்திலேயே 0 ஆக இருக்கும்போது லூப் ஒருமுறைகூட ஓடாது. வெறும் ஸ்ட்ரிங்தான் வரும். டூ-ஒயில் பயன்படுத்தினால் போதும்.

பஃபரின் அளவையும் பலர் குறைத்துவிடுகிறார்கள். 32 பிட் எண்ணுக்கு எட்டு இலக்கம், முடிவைக் குறிக்கும் நல் எழுத்து ஒன்று, ஆக 9 பைட். முன்னொட்டும் வேண்டும் என்றால் 11. 64 பிட்டுக்கு 17, முன்னொட்டோடு 19. அந்த பஃபரை ஃபங்ஷனுக்குள் லோக்கலாக அறிவித்து, அதன் முகவரியைத் திருப்பித் தருவது இன்னொரு பழைய தவறு. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் நமக்குச் சொந்தமில்லை. சோதிக்கும்போது சரியாக அச்சாகும், நடுவில் இன்னொரு ஃபங்ஷனை அழைத்ததும் குப்பையாகும். பஃபரையும் அதன் அளவையும் அழைப்பவரே கொடுக்கட்டும்.

இவற்றையெல்லாம்விட எதிர்ம எண்தான் ஆளைத் திணறடிப்பது. சி99 முதல் வகுத்தல் சுழியத்தை நோக்கி வெட்டப்படும் என்று தரவரையறை சொல்கிறது. எனவே -26ஐ 16ஆல் வகுத்தால் மீதி -10. அதை இன்டெக்ஸாகக் கொடுத்தால் ஸ்ட்ரிங்குக்கு வெளியே போய்ப் படிக்கும். வகுத்தலுக்குப் பதில் நான்கு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் வேறு சிக்கல்: பெரும்பாலான கம்பைலர்கள் நகர்த்தும்போது இடப்பக்கத்தைக் குறி பிட்டால் நிரப்பும், எண் -1இல் வந்து நின்றுவிடும், 0 ஆகவே ஆகாது, லூப் முடியாது. எண்ணை அன்சைன்ட் (எதிர்ம எண் இல்லாத) வேரியபிளுக்கு மாற்றிக்கொண்டு லூப்பைத் தொடங்கினால் இரண்டு சிக்கலும் வராது.

இங்கே ஒரு முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். -26 என்பதை ஹெக்ஸில் எப்படிக் காட்ட விரும்புகிறீர்கள்? பிட்களை அப்படியே காட்டுவதானால் 32 பிட்டில் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்இ6. கணக்கு எழுதுவதுபோலக் காட்டுவதானால் -1ஏ. இரண்டும் சரி, எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் எழுதுவதுதான் தவறு. டர்போ சி போன்ற பழைய கம்பைலரில் இன்ட் 16 பிட் என்பதால் -1க்கு நான்கு எஃப் வரும், இன்றைய ஜிசிசியில் எட்டு. புத்தகத்தில் இருக்கும் விடைக்கும் திரையில் வருவதற்கும் வேறுபாடு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எதிர்த்திசையில், ஹெக்ஸ் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும்போது, பவ் ஃபங்ஷனைத் தேடிப் போக வேண்டாம். பவ் தருவது டபுள். 53 பிட்டுக்கு மேல் அதனால் ஒவ்வொரு முழு எண்ணையும் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. 64 பிட் எண்ணின் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். சிலர் 16^2 என்று அடுக்குக்குறி போடுகிறார்கள். சியில் அது பிட்களுக்கிடையிலான எக்ஸார். 16க்கும் 2க்கும் எக்ஸார் எடுத்தால் 18 வரும், 256 வராது. தேவையானது ஒரே வரி: மதிப்பை 16ஆல் பெருக்கி, புதிய இலக்கத்தைக் கூட்டு. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கத்துக்கும் இதைச் செய்தால் முடிந்தது. பெருக்குவதற்கு முன் மதிப்பின் மேல் நான்கு பிட்கள் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எண் கொள்ளவில்லை என்று அறிவித்துவிட்டு வெளியேற வேண்டும். சிறிய எழுத்து ஏ முதல் எஃப் வரையும் ஏற்றுக்கொள்ள மறக்காதீர்கள்.

அச்சிடும்போது

பிரிண்ட்எஃப்பில் ஹெக்ஸாக அச்சிடும் %எக்ஸ் எதிர்பார்ப்பது அன்சைன்ட் இன்ட். எதைக் கொடுத்தாலும் ஹெக்ஸில் காட்டும் என்று அதை நம்புவதால் வரும் தொல்லைகள் பல.

64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். அதில் 4294967296 என்ற மதிப்பை வைத்து %எக்ஸ் போட்டு அச்சிட்டால் திரையில் பெரும்பாலும் 0 வரும், ஏனென்றால் கீழ் 32 பிட்டும் சுழியம். சரியான விடை 1ஐத் தொடர்ந்து எட்டு சுழியம். லாங்குக்கு %எல்எக்ஸ், லாங் லாங்குக்கு %எல்எல்எக்ஸ், சைஸ்_டி வகைக்கு %இசட்எக்ஸ். 64 பிட் விண்டோஸில் லாங் 4 பைட்தான் என்பதால், இரண்டு இடத்திலும் ஓட வேண்டிய நிரலில் லாங்கை நம்பாமல் அளவு சொல்லும் வகைகளைப் பயன்படுத்துவதே நல்லது. அவற்றை அச்சிட இன்ட்டைப்ஸ் ஹெடரில் தனி மேக்ரோக்கள் இருக்கின்றன. பாயிண்டருக்கு %பி, அதுவும் வாய்ட் பாயிண்டராக காஸ்ட் செய்து.

டபுள் மதிப்பை %எக்ஸுக்குக் கொடுத்தால் என்ன வரும் என்று சொல்லவே முடியாது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் டபுள் ஒரு வகை ரிஜிஸ்டரில் போகிறது, %எக்ஸ் தேடுவது வேறு ரிஜிஸ்டரில். கொடுத்த எண்ணுக்கும் அச்சாவதற்கும் தொடர்பே இருக்காது. மிதவைப் புள்ளி எண்ணை ஹெக்ஸில் காண %ஏ இருக்கிறது.

இனி, தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் ஒன்று. க என்ற எழுத்து, யூனிகோட் எழுத்துகளை பைட்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அந்த ஸ்ட்ரிங்கின் ஒவ்வொரு கேரக்டரையும் %எக்ஸ் போட்டு அச்சிடுகிறீர்கள். வர வேண்டியவை மூன்று பைட்: இ0, ஏஇ, 95. வருவதோ ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆறு எஃப் ஒட்டிக்கொண்ட நீளமான எண்கள். %டி போட்டுப் பார்த்தால் -32, -82, -107.

நிரல் எதையும் தவறாகப் படிக்கவில்லை. சியில் வெறும் கேரக்டர் வகை சைன்டா அன்சைன்டா என்பது கம்பைலரைப் பொறுத்தது. இன்டெல் வகைக் கணினிகளில் ஜிசிசி அதைச் சைன்ட் என்று கொள்கிறது. 0எக்ஸ்95 என்பதன் மேல் பிட் 1, எனவே அது எதிர்ம எண். பிரிண்ட்எஃப்புக்குப் போகும் வழியில் அது இன்ட்டாக விரியும். எதிர்ம எண் விரியும்போது இடப்பக்கம் முழுக்க 1 நிரம்பும். அதுதான் அந்த ஆறு எஃப். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127க்குள் அடங்கிவிடுவதால் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் கேரக்டர் இயல்பாகவே அன்சைன்ட் என்பதால், ராஸ்பெரி பையில் ஒழுங்காக ஓடிய நிரல் மேசைக் கணினிக்கு வந்ததும் எஃப்களைக் கொட்டும்.

தீர்வு எளிது: பைட்டைப் பைட்டாகப் பார்க்கும் இடத்திலெல்லாம் அன்சைன்ட் கேரக்டர் பயன்படுத்துங்கள். அச்சிட %02எக்ஸ் போடுங்கள். 02 இல்லாவிட்டால் 5 என்ற பைட் 05 என்று வராமல் 5 என்று மட்டும் வரும். பைட்களை இடைவெளியில்லாமல் ஒட்டி அச்சிடுபவர்களுக்கு இது பெரும் சேதம், ஏனென்றால் 1, 23 என்ற இரண்டு பைட்டும் 12, 3 என்ற இரண்டு பைட்டும் ஒரே மாதிரி 123 என்றாகிவிடும். ஹேஷ், சாவி போன்றவற்றை அச்சிடும் நிரல்களில் இதைக் குறிப்பாகப் பாருங்கள்.

அந்த க எழுத்தின் யூனிகோட் எண் 0பி95, டெசிமலில் 2965. இந்த எண்ணும் இ0 ஏஇ 95 என்ற பைட் வரிசையும் ஒன்றே என்று நினைத்து ஒன்றை மற்றொன்றாகப் படிப்பதும் நடக்கிறது. கடைசி 95 இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஏமாற்றும். அந்தப் 16 பிட்டை நான்கு, ஆறு, ஆறு எனப் பிரித்து, முன்குறிப் பிட்களைச் சேர்த்துத்தான் யூடிஎஃப்-8 மூன்று பைட்டாக ஆக்குகிறது. இது ஹெக்ஸ் மாற்றத்தோடு முடியும் வேலை இல்லை.

முன்னொட்டு வேண்டும் என்று %#எக்ஸ் போடுபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: மதிப்பு 0 ஆனால் முன்னொட்டு வராது, வெறும் 0 மட்டும் வரும். பட்டியலில் எல்லா வரியும் ஒரே அமைப்பில் வர வேண்டுமென்றால் 0எக்ஸ் என்பதை நீங்களே எழுதி, அதன் பின் %08எக்ஸ் போடுங்கள்.

நினைவகத்தை பைட் பைட்டாக அச்சிட்டுவிட்டு எண் தலைகீழாக இருக்கிறதே என்று திகைப்பவர்களும் உண்டு. 1000 என்பது ஹெக்ஸில் 3இ8. இன்டெல் வகைக் கணினியில் அதன் நான்கு பைட்டும் இ8, 03, 00, 00 என்ற வரிசையில் இருக்கும். அது பைட் வரிசை. %எக்ஸ் போட்டு எண்ணாக அச்சிட்டால் 3இ8 என்றே வரும்.

படிக்கும்போது

அச்சிடும்போது வரும் தவறு கண்ணுக்குத் தெரியும். படிக்கும்போது வருவது பல சமயம் தெரியாது, அதனால் இதை நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன்.

ஸ்ட்ரிங்கை இன்ட்டாக்கும் ஏடுஐ ஃபங்ஷனுக்கு டெசிமல் மட்டுமே தெரியும். 1ஏ என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் 1 தரும். 0எக்ஸ்64 கொடுத்தால் 0 தரும். எஃப்எஃப் கொடுத்தாலும் 0. இவையாவது ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுக்கும். 64 என்று மட்டும் கொடுத்தால்? நீங்கள் எதிர்பார்த்தது 100, அது தருவது 64. எந்த முனகலும் இல்லை. ஹெக்ஸ் படிக்கும் நிரலில் ஏடுஐக்கு இடமே இல்லை. டெசிமலுக்கும்கூட, பயனர் சுழியம் தட்டினாரா, தவறான எழுத்தைத் தட்டினாரா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்கேன்எஃப்பில் %டி போட்டு 0எக்ஸ்1எஃப் தட்டினால், 0வை மட்டும் எடுத்துக்கொண்டு எக்ஸ் எழுத்தில் நின்றுவிடும். மிச்சம் உள்ளீட்டிலேயே கிடக்கும். லூப்புக்குள் இருந்தால் அடுத்த %டியும் அதே எக்ஸில் முட்டி, எதையும் படிக்காமல் திரும்பத் திரும்ப ஓடும். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கையைச் சோதிக்காதவர்களின் நிரல் முடிவில்லாமல் சுற்றுவதற்கு இதுவே காரணம்.

%ஐ போட்டால் அடிமானத்தை அதுவே கண்டுபிடிக்கும். 0எக்ஸில் தொடங்கினால் ஹெக்ஸ், வெறும் 0வில் தொடங்கினால் எண்மம் (அடிமானம் 8), மற்றவை டெசிமல். வசதியானதுதான். ஆனால் தேதி, பட்டியல் எண் என்று முன்சுழியம் வைத்துத் தட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய. 010 தட்டினால் 8 ஆகும். 08 தட்டினால் 0வைப் படித்துவிட்டு 8இல் நிற்கும். பொதுமக்கள் தட்டும் இடத்தில் %ஐ வேண்டாம்.

%எக்ஸ் போட்டுப் படிக்கும்போது எந்த வகை வேரியபிளின் முகவரியைக் கொடுக்கிறோம் என்பது உயிர்நாடி. மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் ஆறு பைட் முகவரி) படிக்க அன்சைன்ட் கேரக்டரில் ஆறு இடமுள்ள அரே ஒன்றை வைத்துக்கொண்டு, ஆறு %எக்ஸ் போடுகிறார்கள். ஒவ்வொரு %எக்ஸும் நான்கு பைட் எழுதும். முதல் இடத்தில் எழுதும்போது அடுத்த மூன்று இடங்களும் அழியும், ஆனால் அடுத்தடுத்த %எக்ஸ் அவற்றைத் திரும்ப நிரப்பிவிடும். அதனால் அச்சிட்டுப் பார்த்தால் ஆறு பைட்டும் அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கும். ஆனால் கடைசி மூன்று %எக்ஸும் அரேயைத் தாண்டி எழுதும்; கடைசியாக எழுதியது மூன்று பைட் வெளியே போய், அங்கிருந்த வேறு எதையோ சுழியமாக்கியிருக்கும். பக்கத்து வேரியபிள் காரணமே இல்லாமல் மாறுகிறது என்று பிறகு தேடிக்கொண்டிருப்பார்கள். போட வேண்டியது %எச்எச்எக்ஸ்.

சரியான கருவி ஸ்ட்ரிங்கை லாங்காக்கும் ஸ்ட்ர்டோல், அன்சைன்ட் லாங்காக்கும் ஸ்ட்ர்டோயுல். அடிமானம் 16 என்று கொடுத்தால் முன்னொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கும். அடிமானம் 0 கொடுத்தால் %ஐ போலவே தானாக முடிவெடுக்கும், அதே எண்மச் சிக்கலோடு.

இவற்றையும் அரைகுறையாகப் பயன்படுத்தினால் ஏடுஐயைவிடப் பெரிய பயன் இல்லை. இரண்டாவது ஆர்கியுமென்ட்டாக நல் பாயிண்டரைக் கொடுத்துவிடாமல், எங்கே படிப்பு நின்றது என்று சொல்லும் பாயிண்டரைக் கொடுங்கள். அது தொடக்கத்திலேயே நின்றிருந்தால் எண்ணே இல்லை. நடுவில் நின்றிருந்தால் பின்னால் வேண்டாத எழுத்து ஒட்டியிருக்கிறது. எஃப்கெட்ஸ் கொண்டு வாங்கிய வரியில் கடைசியில் புதுவரி எழுத்து இருக்கும், அதை மட்டும் மன்னிக்கலாம். அழைப்பதற்கு முன், பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவை 0 ஆக்கி, பின் அதில் ஈரேஞ்ச் (எண் எல்லை மீறியது என்ற குறி) வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப் எட்டு தடவை வரும் ஸ்ட்ரிங்கை ஸ்ட்ர்டோலுக்குக் கொடுத்தால், லாங் 8 பைட் உள்ள லினக்ஸில் 4294967295 கிடைக்கும். லாங் 4 பைட் உள்ள விண்டோஸில் அது கொள்ளாது. 2147483647 தந்துவிட்டு ஈரேஞ்ச் என்று குறித்துவைக்கும். ஒரே நிரல், ஒரே உள்ளீடு, இரண்டு விடை. ஹெக்ஸில் எழுதப்படுபவை பெரும்பாலும் பிட் அமைப்புகள் என்பதால் ஸ்ட்ர்டோயுல்தான் பொருத்தம். அதற்கும் ஒரு விநோதக் குணம் உண்டு: -1 என்று கொடுத்தால் பிழை சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, அந்த வகையின் மிகப்பெரிய எண்ணைத் தரும். முதல் எழுத்தில் கழித்தல் குறி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துத் தடுக்க வேண்டும். லினக்ஸில் 64 பிட்டாக வரும் அந்த விடையை அப்படியே அன்சைன்ட் இன்ட்டில் போட்டால் மேல் பாதி வெட்டுப்படும் என்பதால், போடும் முன் எல்லையையும் ஒப்பிடுங்கள்.

இணையத்தில் பழைய நிரல்களில், எண்ணை ஸ்ட்ரிங்காக்கும் ஐடுஏ என்ற ஃபங்ஷன் அடிக்கடி வரும். அது சி தரவரையறையில் இல்லை. டர்போ சியிலும் விண்டோஸ் கம்பைலர்களிலும் உண்டு, லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில் கிடையாது. ஸ்ட்ரிங்குக்குள் அச்சிடும் எஸ்என்பிரிண்ட்எஃப் இன்றைய கம்பைலர்களில் எங்கும் ஓடும், பஃபரின் அளவையும் மதிக்கும்.

நிரலில் எழுதிவைக்கும் எண்கள்

எண்ணின் மதிப்புக்கு அடிமானம் கிடையாது என்று மேலே சொன்னேன். நிரலில் எழுதும்போது ஒரே ஒரு நுட்பமான விலக்கு உண்டு: எழுதும் முறை மதிப்பை மாற்றாது, ஆனால் வகையை மாற்றலாம்.

பின்னொட்டு இல்லாத டெசிமல் எண் இன்ட்டில் கொள்ளாவிட்டால் லாங்குக்குப் போகும், அன்சைன்ட் ஆகாது. ஹெக்ஸ் எண்ணோ இன்ட்டில் கொள்ளாவிட்டால் அடுத்து அன்சைன்ட் இன்ட்டைப் பார்க்கும். எனவே 64 பிட் லினக்ஸில் -1ஐ 4294967295 உடன் ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். அதே எண்ணை ஹெக்ஸில், 0எக்ஸ் போட்டு எட்டு எஃப் என்று எழுதி ஒப்பிட்டால் சமம் என்று வரும். இரண்டாவதில் -1 அன்சைன்ட்டாக மாற்றப்பட்டுவிடுகிறது. அன்சைன்ட்தான் வேண்டும் என்றால் யூ பின்னொட்டைப் போட்டு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பட்டியலை அழகாக்க 001, 010, 100 என்று எழுதுபவர்களுக்கு நடுவில் இருப்பது 8. 008 என்று எழுதினால் நல்லவேளையாகக் கம்பைலரே மறுத்துவிடும்.

0எக்ஸ்1இ+2 என்று இடைவெளி விடாமல் எழுதிப் பாருங்கள். 32 வராது, கம்பைல் பிழை வரும். இ எழுத்தை அடுத்து கூட்டல் குறி வந்தால், அடுக்கு வடிவில் எழுதிய எண்ணின் தொடர்ச்சி என்று கொண்டு முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்கிறது சி. 0எக்ஸ்1டி+2 எந்தத் தொல்லையும் தராது. கூட்டல் குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டால் தீர்ந்தது.

ஸ்ட்ரிங்குக்குள் \எக்ஸ் போட்டு பைட் எழுதும்போது, ஹெக்ஸ் இலக்கங்கள் தொடரும்வரை அது விடாமல் விழுங்கும், இரண்டோடு நிற்காது. க எழுத்தின் மூன்று பைட்டை இப்படி எழுதி, ஒட்டினாற்போல் 1 என்று எழுதினால், கடைசி பைட்டை 951 என்று படித்துவிட்டு எல்லை மீறியதாகக் கம்பைலர் குறை சொல்லும். ஸ்ட்ரிங்கை அங்கே மூடி, அடுத்ததைத் தனி மேற்கோளில் திறங்கள். அடுத்தடுத்த ஸ்ட்ரிங்குகளை சி தானே ஒட்டிக்கொள்ளும்.

ஹெக்ஸ் போலத் தோன்றும் பிசிடி

டிஎஸ்1307 கடிகாரச் சிப்பை ஐ2சி என்ற இருகம்பி இணைப்பு வழியாக, 0எக்ஸ்68 முகவரியில் இணைத்து நேரத்தைப் படிப்பவர்கள் கவனிக்கும் காட்சி இது: நொடிகள் 9 வரை ஒழுங்காக ஓடி, திடீரென்று 16க்குத் தாவும். 25க்குப் பிறகு 32. கடைசியில் 89ஐத் தொட்டுவிட்டு 0. சிப் கெட்டுவிட்டது என்று மாற்றவேண்டாம். அது நேரத்தை பிசிடி முறையில் தருகிறது, அதாவது பத்தின் இலக்கம் மேல் நான்கு பிட்டில், ஒன்றின் இலக்கம் கீழ் நான்கு பிட்டில். 59 நொடி 0எக்ஸ்59 என்று வரும். %டி அதை 89 என்று காட்டும்.

%எக்ஸ் போட்டால் 59 என்றே தெரிவதால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். திரையில் காட்ட அது போதும். அந்த மதிப்பை வைத்து முப்பது நொடி கழித்து மணி அடி என்று கணக்குப் போட்டால் எல்லாம் பிசகும். மேல் நான்கு பிட்டை எடுத்து 10ஆல் பெருக்கி, கீழ் நான்கு பிட்டைக் கூட்டுங்கள். நொடி ரிஜிஸ்டரின் மேல் பிட் கடிகாரத்தை நிறுத்தும் பிட் என்பதால், அதற்கு முன் 127உடன் பிட்வாரியாக ஆண்ட் எடுத்து அதை மறைத்துவிட வேண்டும். நேரத்தை எழுதும்போது இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 30 என்பதை அப்படியே எழுதினால் சிப்புக்குப் போவது 1இ, அது பிசிடியில் செல்லாத மதிப்பு.

சோதிக்கும் முறை

ஜிசிசி, கிளாங் இரண்டிலும் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளை இயக்கி வைத்துக்கொண்டு கம்பைல் செய்யுங்கள். லாங்குக்கு %எக்ஸ் போட்டது, அன்சைன்ட் கேரக்டரின் முகவரிக்கு %எக்ஸ் போட்டது, டபுளைக் கொடுத்தது ஆகிய மூன்றையும் கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடும்.

நீங்களே எழுதிய ஃபங்ஷனுக்கு 5, 50, 100 என்று கைக்கு வந்த எண்களைக் கொடுக்காதீர்கள். 0 கொடுத்தால் வெறும் ஸ்ட்ரிங் பிழை தெரியும். 9, 10 இரண்டையும் கொடுத்தால் எழுத்து இலக்கம் தெரியும். 26 கொடுத்தால் வரிசையும் தெரியும். கேரக்டர் வகைக்கு 127, 128. அதன் பின் 255, 256. பிறகு 2147483648, 4294967295, 4294967296, -1. அதற்கு மேல் 0 முதல் 65535 வரை ஒரு லூப் போட்டு, ஒவ்வோர் எண்ணையும் உங்கள் ஃபங்ஷனுக்கும் எஸ்என்பிரிண்ட்எஃப்புக்கும் கொடுத்து ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடுங்கள். அதே ஸ்ட்ரிங்கை ஸ்ட்ர்டோயுல் கொண்டு திரும்ப எண்ணாக்கி, தொடங்கிய எண் வருகிறதா என்றும் பாருங்கள். வேறுபட்ட முதல் எண்ணை அச்சிட்டு லூப்பை நிறுத்தினால், அந்த எண்ணின் மீதிகளைத் தாளில் போட்டுப் பார்த்தே பிழையைப் பிடித்துவிடலாம்.